வலப்பக்கம் பார்க்கும் சுண்டெலி

அந்த அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு படியேறி வருகிறவர்கள் எல்லாருக்கும் மனசுக்குள் ஒரே வேண்டுதல்தான்: உரிமையாளர் கிடைக்கக் கூடாது. பழைய பாட்டை மறுபடி பதிவு செய்ய நினைப்பவர், மூடிப்போன பதிப்பகத்தின் புத்தகத்தை மறுபதிப்புப் போட நினைப்பவர், யாரோ எப்போதோ எடுத்த புகைப்படத்தை நாட்காட்டியில் அச்சடிக்க நினைப்பவர், யாராக இருந்தாலும் சரி. 'படைப்புக்குச் சொந்தக்காரரை முறைப்படி தேடினோம், கிடைக்கவில்லை' என்று அலுவலகம் சான்று எழுதினால்தான் உரிமம் கைக்கு வரும். ஆள் கிடைத்துத் தொலைத்தால் வந்தது வினை. அப்புறம் அவர் வீட்டு வாசலில் போய் நின்று பேச வேண்டும், அவர் முறுக்கிக்கொண்டால் கெஞ்ச வேண்டும்.

தேடும் வேலைக்கு அங்கே மூன்று பேர். இரண்டு பேர் நல்லவர்கள். அதாவது, விண்ணப்பதாரர்களுக்கு நல்லவர்கள். பெரிய செய்தித்தாளில் யாரும் பார்க்காத மூலையில் ஒரு விளம்பரம் கொடுப்பார்கள். கெடு முடிகிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு 'கிடைக்கவில்லை' என்று எழுதி முத்திரை குத்துவார்கள். மூன்றாவது ஆள்தான் வில்லங்கம். அவளுக்கு அலுவலகத்தில் 'மோப்பம்' என்று பேர். மேலாளர் கிண்டலாக வைத்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

மோப்பம் தேடினால் ஆள் கிடைத்துவிடும். அவள் முறையே வேறு. தடயம் எந்த ஊர்ப் பக்கம் காட்டுகிறதோ அந்த ஊரில் வருகிற சின்னப் பத்திரிகைக்குத்தான் முதல் வேலையாக விளம்பரம் அனுப்புவாள். டீக்கடையிலும் முடிதிருத்தகத்திலும் கை மாறிக் கை மாறிக் கந்தலாகிற பத்திரிகையாக இருக்க வேண்டும். விளம்பரம் முன்னால் போய் ஊர் வாயைக் கிளறிவிடும். இவள் பின்னால் போய்க் காதைக் கொடுப்பாள். "பெரிய பேப்பர்ல போடறது தேடறது இல்ல, தேடினதா காட்டிக்கறது" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அச்சகக்காரர் வந்தது ஒரு மழை நாளில். குடையை வெளியிலேயே உதறி, மடித்து, சுவரோரம் நேராகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். வெளுத்த சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். சத்தமில்லாத குரல்.

"மோப்பம் மேடம்... மன்னிக்கணும், வெளியில அப்படித்தான் சொன்னாங்க. உங்களைத்தான் பார்க்கணும்னு வந்தேன்."

"உக்காருங்க சார். என்ன படைப்பு?"

மெல்லிய ஒரு குழந்தைப் புத்தகத்தை எடுத்து வைத்தார். 'வாலறுந்த ரயில்.' கடைசிப் பெட்டி கழன்று போன ரயில் ஒன்று தன் வாலைத் தேடி ஊர் ஊராய்ப் போகிற கதை. எழுதியவர், வரைந்தவர் என்று எந்தப் பெயரும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கட்டைவிரல் நக அளவு ஒரு சுண்டெலி மட்டும் இருந்தது. இடப்பக்கம் பார்த்தபடி, மீசையைத் தூக்கிக்கொண்டு.

"இந்த எலிதான் கையெழுத்து. பதிப்பகம் மூடிட்டாங்க. நான் ஒரு சின்ன அச்சகம் வெச்சிருக்கேன். இதை மறுபடியும் போடணும்னு ஆசை."

"கெடு முடிய நாளாகும் சார். எல்லாரும் சீக்கிரம் முடிச்சுக் கொடுங்கன்னு உயிரை எடுப்பாங்க. முன்னாலேயே சொல்லிடறேன்."

"எனக்கு அவசரமே இல்ல, மேடம். நல்லா தேடுங்க. ஒருத்தரோட உழைப்பு இது. அவங்களைக் கண்ணால பார்த்து, ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் அச்சுல ஏத்தணும்."

இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒருவர் பேசி அவள் கேட்டதில்லை. பேசிக்கொண்டே அவர் கைகள் ஒரு காரியம் செய்தன. அவள் மேஜையிலிருந்த பேனா, அளவுகோல், மைத்திண்டு, பென்சில் எல்லாவற்றையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, நீளம் குறைந்துவரும் வரிசையில் ஓரம் பார்த்து அடுக்கிவிட்டன. ஒழுங்கு என்றால் அவளுக்கும் உயிர். அவர் போன பிறகு அந்த வரிசையைக் கலைக்க மனசு வராமல் வேறு பேனாவை எடுத்து எழுதினாள்.

மூடிப்போன பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்த கிழவரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. மகன் வீட்டு மாடியறையில், கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

"எலி போட்ட பொண்ணா?" என்றார். "நல்ல பொண்ணு. திடீர்னு ஒரு நாள் காணாமப் போச்சு. அப்புறம் ஒரே ஒரு தடவை சொல்லி அனுப்பிச்சுது, மிச்சம் இருக்கற பிரதியை எல்லாம் அணைக்கட்டு ஊர் ரயிலடியில பார்சலா போடுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்னு. அவ்வளவுதான் தெரியும்." சொட்டு மருந்து வழிந்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடி ஒரு ஆள் வந்து இதையே கேட்டாரு. நான் வாயைத் திறக்கலை."

"ஏன் ஐயா?"

"ஏன்னு சொல்லத் தெரியலை. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. நீங்க ஆபீஸ்ல இருந்து வர்றீங்க, அடையாள அட்டை காட்டறீங்க. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

பழைய புத்தகம் சேர்க்கிற எவராவது வந்திருப்பார் என்று நினைத்து அவள் அதை அத்தோடு விட்டுவிட்டாள். மறுநாளே அணைக்கட்டு ஊர் வாரப் பத்திரிகைக்கு விளம்பரம் போய்ச் சேர்ந்தது. 'வாலறுந்த ரயில் என்ற நூலின் உரிமையாளர் எங்கிருந்தாலும் தொடர்பு கொள்ளவும்.' கூடவே அந்தச் சுண்டெலிப் படமும்.

வீட்டில் அவளும் அவள் அக்காவும்தான். அக்கா முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். நாக்கும் ஊசி மாதிரிதான். அணைக்கட்டு ஊருக்குக் கிளம்ப இவள் பை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மிதியை நிறுத்தாமலே கேட்டாள்.

"இந்தத் தடவை எந்த அப்பாவி தலையில கை வைக்கப் போறே?"

"கிண்டல் பண்ணாதே அக்கா. இந்தத் தடவை மனு போட்டவரே தங்கமான மனுஷர். ஆள் கிடைச்சாத்தான் புத்தகம் போடுவேன்னு நிக்கறாரு."

மெஷின் நின்றது. அக்கா பல்லால் நூலை அறுத்தாள்.

"ஏண்டி, புத்தகம் போடறவனுக்கு என்ன வேணும்?"

"உரிமம்."

"இவனுக்கு?"

இவள் மடித்த புடவையை மறுபடி மடித்தாள்.

"சட்டை தைக்க வந்தவன் சட்டையைப் பத்திக் கேப்பான். தைக்கறவ வீடு எங்க, எப்ப தனியா இருப்பான்னு கேட்டா, அவன் சட்டைக்கு வந்தவன் இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

ரயிலில் அந்தப் பேச்சு கூடவே வந்தது. மெய்ப்புக் கிழவரிடம் முன்னால் வந்துபோன அந்த மரியாதையான ஆளும் கூடவே வந்தார்.

அணைக்கட்டு ஊர் ஒரே தெருவாக நீண்டு கிடந்தது. பெயர் கேட்கலாமென்றால் பெயரே தெரியாது. ஆகவே வழக்கம்போல் கண்ணை மேயவிட்டுக்கொண்டு நடந்தாள். ஆள் பேரை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம், கைப்பழக்கத்தை லேசில் மாற்ற முடியாது என்பது அவள் தொழில் பாடம். மருந்துக்கடை வாசலில் அவள் கால் நின்றது. கண்ணாடிக்குள் ஒரு விளம்பர அட்டையில் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு இருமும் சுண்டெலி. அடுத்த அட்டையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனியும் சுண்டெலி. அதே மீசை, அதே வால். ஆனால் எல்லாம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

யாரோ பார்த்து வரைந்திருக்கிறார்கள் போல என்று ஒரு கணம் ஏமாற்றமாக இருந்தது.

"இந்த எலி எல்லாம் யார் வரைஞ்சது?"

"ஏன், கடிக்குதா?" என்றார் மருந்துக்கடைக்காரர். சிரித்துவிட்டு, "நம்ம படக்காரம்மா. சைக்கிள் கடை மாடியில இருக்காங்க. சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் படம் சொல்லித் தருவாங்க. இந்த அட்டை வந்த பிறகு இருமல் மருந்து என்னமா போகுதுங்கறீங்க! இருமல் இல்லாதவன்கூட எலிக்காக வாங்கிட்டுப் போறான்."

சைக்கிள் கடைக்குப் பக்கத்திலேயே மரப்படி. மேலே கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னல் விளிம்பில் வண்ணப் புட்டிகள், பெரிசும் சிறிசுமாய், ஒன்று இங்கே ஒன்று அங்கே, ஒன்று கவிழ்ந்துகூடக் கிடந்தது. வேண்டுமென்றே கலைத்து வைத்தது போலிருந்த அந்த அறையின் நடுவில், கையில் வாரப் பத்திரிகையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசு இருக்கும்.

"உள்ள வாங்க," என்றாள். "யாராவது வருவாங்கன்னு தெரியும். நீங்க யாரோட ஆளு?"

மோப்பம் அடையாள அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"மனு போட்டது யாரு?"

"ஒரு அச்சகம்தாம்மா."

"அச்சகம் படியேறி வராது. வந்த ஆளு எப்படி இருந்தாரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா. ஆனா பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. ரொம்ப மரியாதையானவர்."

"ஆமா. மரியாதையானவருதான்." பத்திரிகையை மெதுவாக மடித்தாள். "உங்க மேஜையில இருந்ததை எல்லாம் வரிசையா அடுக்கி வெச்சாரா?"

கலைக்க மனசு வராமல் வேறு பேனாவை எடுத்து எழுதியது மோப்பத்தின் நினைவுக்கு வந்தது. அவள் முகமே அதைச் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் வலக்கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. குச்சி மாதிரி நின்றன.

"புத்தகம் அச்சாகி வீட்டுக்கு வந்த அன்னிக்கு. கட்டின புருஷனைக் கேக்காம எப்படி வரைஞ்சேன்னு. இதையும் வரிசையாத்தான் செஞ்சாரு. முதல்ல இது, அப்புறம் இது. அடுத்ததுக்குப் போறதுக்குள்ள குழந்தை முழிச்சுக்கிட்டா." கையை மடியில் மறைத்துக்கொண்டாள். "இப்ப இடது கையால வரையறேன். இடது கையில எலி அந்தப் பக்கம் திரும்பிடுது. என்னால இனிமே வரையவே முடியாதுன்னு அவர் நினைச்சுக்கிட்டிருப்பாரு."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னேனே. அவருக்கு நாற்காலி போட்டாங்க. என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க."

கீழே சைக்கிள் கடையில் யாரோ ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல. சத்தம் வெகுநேரம் வந்தது.

"வேற ஊருக்குப் போயிடுங்களேன்மா," என்றாள் மோப்பம்.

"இன்னும் எத்தனை ஊருக்கு? என் பொண்ணுக்கு இது நாலாவது பள்ளிக்கூடம். இப்பத்தான் ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. ரெண்டு பேரும் ஒரே பென்சிலை உடைச்சு ஆளுக்குப் பாதி வெச்சுக்கிட்டிருக்காங்க." முதல் முறையாக அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. "நான் ஏன் போகணும்? இங்க வரைக்கும் வழி போட்டது நீங்க. நீங்களே அழிங்க."

மோப்பம் அழிப்பதாக வாக்குக் கொடுத்தாள். அவசரம் என்றால் மருந்துக்கடைக்குப் போன் செய்து கூப்பிடச் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டு திரும்பினாள்.

அலுவலகத்தில் மேலாளரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். "சார், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உரிமையாளர் கிடைச்சுட்டாரு, ஆனா விலாசம் கொடுக்காதீங்கங்கறாருன்னு வெச்சுக்குங்க?"

"கிடைச்சா கிடைச்சதுதான். விலாசம் மனுதாரர் கைக்குப் போயாகணும். அப்புறம் அவங்க பேசிக்கறது அவங்க பாடு. இதெல்லாம் உனக்கு நான் சொல்லணுமா, தாயே?"

"மனுதாரர் ஒரு மாதிரியான ஆளா இருந்தா?"

"மனுதாரர் யோக்கியரான்னு பார்க்கச் சொல்லி எந்த விதியில இருக்கு? நமக்குப் படைப்பு அனாதையா இல்லையா, அவ்வளவுதான்." மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன், ஆள் கிடைச்சாச்சா?"

"இல்ல சார்," என்றாள் மோப்பம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அடுத்த கேள்வி வருவதற்குள் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

கிடைத்தது என்றால் விலாசம் போகும். கிடைக்கவில்லை என்றால் உரிமம் போகும். போகட்டும், அது வெறும் காகிதம். ஆனால் உரிமத்தோடு விளம்பர நறுக்குகளையும் இணைத்துக் கொடுப்பது விதி. அணைக்கட்டு ஊர்ப் பத்திரிகையின் பேர் அந்த நறுக்கில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எடுத்துவிடலாமென்றால் பத்திரிகைக்காரர்கள் அனுப்பிய பிரதி ஏற்கெனவே மேலாளர் கோப்பில் ஏறிவிட்டது.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டாள். ஒரு மரத்தை மறைக்க முடியாவிட்டால் சுற்றிலும் தோப்பு வைத்துவிடுவது. அதே விளம்பரத்தை மலையோர ஊர், துறைமுக ஊர், சந்தை ஊர் என்று கைக்கு வந்த ஊர்ப் பத்திரிகைகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

"விளம்பரத்தை ஊர்வலம் விடறியா ஆபீஸ் செலவுல?" என்று மேலாளர் புலம்பினார்.

நறுக்குகள் வந்து குவிந்ததும், முறை தவறாத மோப்பம் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கட்டைச் சீட்டுப்போலக் கலைத்துப் போட்டுக் கோப்பில் சேர்த்தாள். பிறகு சான்று எழுதினாள்: கிடைக்கவில்லை.

"மோப்பத்துக்கே கிடைக்கலையா!" என்று பக்கத்து மேஜைக்காரர்கள் இருவரும் ஒரு டீ வாங்கிக் கொண்டாடினார்கள்.

அச்சகக்காரர் மறுபடி வந்தார். குடை இல்லாத நாள். உட்கார்ந்தார். உரிமத்தை வாங்கி, படித்துப் பார்க்காமலே ஒரு பக்கம் வைத்தார். நறுக்குக் கட்டைப் பிரித்தார்.

"ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க, மேடம்."

"கடமைதானே சார்."

அவர் கைகள் வேலையைத் தொடங்கின. முதலில் நறுக்குகளை அளவு பார்த்து அடுக்கினார். பெரிசு அடியில், சிறிசு மேலே. அணைக்கட்டு ஊர் நடுவில் எங்கோ போய் மறைந்தது. மோப்பம் மூச்சை விட்டாள். அவர் அடுக்கிய கட்டைப் பார்த்தார். திருப்தி இல்லாதவர்போல் தலையை லேசாக அசைத்தார். பிறகு ஒவ்வொன்றின் மேல் ஓரத்திலும் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

தேதி!

அவளுக்கு அது தோன்றவேயில்லை. ஊர்ப் பேரைத்தான் பார்த்தாளே தவிர, தேதியைப் பார்க்கவில்லை. தோப்பு முழுக்க ஒரே சமயத்தில் நட்டது. அந்த ஒரு மரம் மட்டும் முன்னாலேயே நின்றிருந்தது.

கடைசியில் ஒரு நறுக்கு எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது. அவர் அதன் விளிம்பை விரலால் நேராக்கினார்.

"இது மட்டும் முன்னாடியே வந்திருக்கு."

"அது... சும்மா... ஒரு வழக்கம் சார். எங்கயாவது ஒரு இடத்துல ஆரம்பிக்கணுமில்ல?"

"உங்க வழக்கம் எனக்குத் தெரியும், மேடம். நல்லா விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்." புன்னகை செய்தார். "முதல் விளம்பரம் தடயத்துக்கு. சரிதானே?"

மேல் நறுக்கை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை மேஜைக்கடியில் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போனார். உரிமம் மேஜையிலேயே கிடந்தது.

"அடடே, எதுக்கு வந்தாரோ அதையே மறந்துட்டுப் போறாரே மனுஷன்!" என்றார் மேலாளர்.

மோப்பம் அதற்குள் போனை எடுத்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் ஏதோ எலி ஜோக்கு ஒன்றை ஆரம்பித்தார். இவள் குரலைக் கேட்டதும் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். போனுக்குள் தெருச் சத்தம் கேட்டது. சைக்கிள் மணி, யாரோ குழந்தையை அதட்டுவது. பிறகு மூச்சு வாங்கும் ஒலி.

"நான்தாம்மா. என்னால அழிக்க முடியல. கிளம்பிடுங்க."

போனுக்குள் மறுபடி சைக்கிள் மணிதான் கேட்டது. திட்டியிருந்தால் தேவலை.

"கேக்குதாம்மா?"

"பொண்ணு பள்ளிக்கூடத்துல இருக்கா," என்றாள் அந்தப் பெண். "இன்னிக்குப் பரீட்சை. பாதியில எழுப்பிக் கூட்டிட்டு வரணும்." போன் வைக்கப்பட்டது.

விடுமுறை வந்ததும் மோப்பம் அக்காவிடம்கூடச் சொல்லாமல் மறுபடி அந்த ஊருக்குப் போனாள். மருந்துக்கடைக் கண்ணாடி வெறுமையாக இருந்தது. அட்டைகள் ஒன்றுகூட இல்லை.

"படக்காரம்மா அன்னிக்கே போயிட்டாங்க," என்றார் கடைக்காரர். அவரிடம் சிரிப்பு இல்லை. "பொண்ணு யூனிஃபார்ம்கூட மாத்தல. எங்க போறீங்கன்னு கேட்டேன். அண்ணே, உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் நல்லதுன்னுட்டாங்க. மறுநாள் ஒரு சார் வந்தாரு. அட்டையெல்லாம் அழகா இருக்கு, விலைக்குத் தர்றீங்களான்னு கேட்டு மொத்தமா வாங்கிக்கிட்டாரு. எலி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு ஒவ்வொண்ணா ரொம்ப நேரம் பார்த்தாரு. நல்ல மாதிரியான ஆளுதான். ஆனா போகும்போது..." கல்லாவைக் காட்டினார். அங்கிருந்த மருந்துப் புட்டிகள் உயர வரிசையில் நின்றன. "கலைச்சுடலாம்னு பார்க்கறேன், ஏனோ கை வரமாட்டேங்குது."

சைக்கிள் கடை மாடிப் படியில் அவள் பாதி வரை ஏறினாள். அங்கிருந்தே ஜன்னல் தெரிந்தது. விளிம்பில் வண்ணப் புட்டிகள், பெரிசிலிருந்து சிறிசு வரை, ஒரு மயிரிழை விலகாமல். கவிழ்ந்து கிடந்ததும் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

படியின் கைப்பிடிச் சுவரில், குழந்தைக் கை உயரத்தில், சாக்கட்டியால் ஒரு சுண்டெலி. மோப்பம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முந்தானையால் அதைத் தேய்த்தாள். நன்றாகத் தேய்த்தாள். அது அழிகிற வரைக்கும் தேய்த்தாள்.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா ஒரு வார்த்தையும் ஏசாமல் மெஷினை மூடி வைத்தாள். அதுதான் இவளுக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் மேலாளர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"தாயே, நம்ம ஆபீஸுக்கே உன்னால பேரு. அந்த அச்சகக்காரர் மேலிடத்துக்கு உன்னைப் பாராட்டி எழுதியிருக்காரு. இப்படித்தான் தேடணும், சின்னப் பத்திரிகையில முதல்ல போட்டு, அப்புறம் நேர்ல போய்னு உன் முறையை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு எழுதிட்டாரு. மேலிடம் அப்படியே உத்தரவாப் போட்டுடுச்சு. இனிமே பெரிய பேப்பர் விளம்பரம் செல்லாது. இங்கே எல்லாரும் மோப்பம் முறைதான்!"

பக்கத்து மேஜைக்காரர்கள் இருவரும் அவளை முறைத்தார்கள். அவர்களுடைய நிம்மதி போயிற்று. அவளுக்கோ, அவர்களுடைய சோம்பேறித்தனம் எவ்வளவு பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"அது மட்டுமில்ல," என்று மேலாளர் ஒரு கோப்பை நீட்டினார். "புதுசா ஒரு மனுவும் போட்டிருக்காரு. அதே எலிக்காரங்க வரைஞ்சதுதானாம். உனக்கே கொடுக்கணும்னு கேட்டிருக்காரு. வேண்டாம்னா சொல்லு, புதுசா சேர்ந்திருக்கற பையனுக்குக் கொடுத்துடறேன். உன் முறையைக் கரைச்சுக் குடிச்சு வெச்சிருக்கான், துடிச்சுக்கிட்டிருக்கான்."

"இல்ல சார். நானே பார்க்கறேன்."

கோப்பைத் திறந்தாள். மருந்துக்கடை அட்டைகள். இருமும் எலி, வயிற்றைப் பிடித்துக்கொண்ட எலி, காய்ச்சலில் போர்த்திக்கொண்ட எலி. எல்லாம் வலப்பக்கம் பார்த்தன. மனுவில் ஒரு வரி அடிக்கோடிட்டிருந்தது: வரைந்தவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்று கருதுகிறேன், தேடலுக்கு இது உதவக்கூடும்.

"எப்படி இருக்கீங்க, மேடம்?"

எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அச்சகக்காரர். "போன தடவை உரிமத்தை விட்டுட்டுப் போயிட்டேன். அதை வாங்கிட்டு, அப்படியே இதையும் பார்த்துட்டுப் போகலாம்னு."

மோப்பம் விளம்பரத்துக்கான வெள்ளைத் தாளை எடுத்தாள். இந்தத் தடவை அவளிடம் திட்டம் இருந்தது. அவர் தேதி வரிசையைத்தான் நம்புவார். ஆகவே முதல் விளம்பரத்தை அந்தப் பெண் இல்லாத ஊருக்கு அனுப்ப வேண்டும். எங்கேயோ ஒரு கோடிக்கு. அவர் அங்கே போய் அலையட்டும்.

பத்திரிகையின் பேர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தாள். வடக்கே ஒரு சந்தை ஊர் நினைவுக்கு வந்தது. முதல் எழுத்தை எழுதப்போனவள் நிறுத்தினாள். பொண்ணைப் பரீட்சையிலிருந்து பாதியில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனவள் எந்த ரயில் ஏறினாள்? அந்த ஊராகவே இருந்துவிட்டால்? துறைமுக ஊரை நினைத்தாள். அங்கே ஒரு கடைக் கண்ணாடிக்குள் இந்நேரம் ஒரு எலி வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால்? மலையோர ஊர்? அவர்கள் இல்லாத ஊர் எதுவென்று தெரிய வேண்டுமானால் முதலில் அவர்கள் இருக்கிற ஊர் தெரிந்தாக வேண்டும். அதற்கு அவள் மறுபடியும் தேட வேண்டும். தேடினால் கிடைத்துவிடுவார்கள்.

எதிரே அவர் கை நீண்டு, மைத்திண்டை அளவுகோலுக்கு நேராகத் தள்ளி வைத்தது.

"அவசரமே இல்ல, மேடம்," என்றார். "நல்லா யோசிச்சு எழுதுங்க."